துயர வேளையில் திருச்சபை என்னும் குடும்பம்

மருத்துவமனையில் ஒருவர் காலமாகும்போது அவருடைய குடும்பத்தார் ஒரே நாளில் இரண்டு இழப்புகளைச் சந்திக்கின்றனர். முதலாவது, யாவரும் அறிந்த இழப்பு. இரண்டாவது இழப்பை வெளியார் எளிதில் கவனிப்பதில்லை. வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில், அவர்களைத் தாங்கிநின்ற ஒரு சிறு உலகமும் அன்றே அவர்களை விட்டு அகன்றுவிடுகிறது. பெயர் சொல்லி அழைத்த செவிலியர், பக்கத்துப் படுக்கை நோயாளியின் மனைவி, மருந்தகத்து வரிசையில் நாள்தோறும் கண்ட முகங்கள், நாலு மணி மாத்திரை, ஆறு மணிக் கஞ்சி என்று பொழுதை நிரப்பிய கடமைகள் ஆகிய யாவும் ஒருசேர நின்றுபோகின்றன. நோயாளியைப் பேணியவர் வீடு திரும்பும்போது அவருடைய கைகளுக்குச் செய்வதற்கு ஒன்றும் இருப்பதில்லை.

இவ்வாறு வீடு திரும்பியோரையும், திரும்பவிருப்போரையும், அவர்கள் சார்ந்திருக்கும் கிறிஸ்தவச் சபைகளையும் மனத்திற்கொண்டு இக்கட்டுரையை எழுதுகிறோம். எங்கள் மருத்துவமனைக்குப் பல சமயத்தாரும் வருகின்றனர். ஒவ்வொரு சமயத்திலும் துக்கத்தைத் தாங்கும் உறவுகளும் மரபுகளும் உண்டு. கிறிஸ்தவ மரபு இதைப் பற்றி என்ன கற்பிக்கிறது, நடைமுறையில் அது எவ்வாறு பயன்படக்கூடும், எங்கே அது தவறக்கூடும் என்பவற்றை மட்டும் இங்கு விளக்குகிறோம்.

துயரத்தின் இயல்பு

துயரம் ஒரு நோயன்று. அன்பு செலுத்தியவருக்கு இழப்பு நேரும்போது உடலும் உள்ளமும் ஆற்றும் இயல்பான எதிர்வினை அது. உறக்கமின்மை, பசியின்மை, மறதி, காரணமற்ற கோபம், இறந்தவரின் குரல் கேட்பது போன்ற உணர்வு ஆகியன முதல் சில மாதங்களில் பலருக்கும் நேர்கின்றன. இவற்றைக் கண்டு தமக்குப் பித்துப் பிடித்துவிட்டதோ என்று அஞ்சுவோர் உண்டு. அத்தகைய அச்சம் தேவையில்லை.

துயரம் ஐந்து படிகளாக வரும் என்று பலர் கேள்விப்பட்டிருப்பர். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்னும் மனநல மருத்துவர் 1969ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலிருந்து பரவிய கருத்து இது. அந்நூலுக்கு அடிப்படையாக அமைந்தவை, மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளுடன் அவர் நடத்திய உரையாடல்கள். உறவினரை இழந்தோர் ஒவ்வொருவரும் அதே வரிசையில் அதே படிகளைக் கடக்க வேண்டும் என்னும் விதி ஏதுமில்லை. ஒருவர் முதல் நாளிலேயே அமைதியாக இருக்கலாம். எட்டாவது மாதத்தில் ஒரு சட்டையை மடிக்கும்போது உடைந்து அழலாம். இரண்டும் இயல்பே.

துயரம் மரணத்திற்குப் பின்புதான் தொடங்கும் என்பதுமில்லை. குணமாகாத நோய் என்று மருத்துவர் சொன்ன நாளிலேயே அது வீட்டிற்குள் வந்துவிடுகிறது. நீண்ட காலம் நோயாளியைப் பேணியவர், மரணம் நேர்ந்தபின் சற்றே ஆறுதலடைவதும், அவ்வாறு ஆறுதலடைந்ததற்காகத் தம்மையே நொந்துகொள்வதும் பொதுவாகக் காணப்படுகின்றன. நோயாளியின் வேதனை முடிந்தது என்னும் நிம்மதி அன்பின் குறைவைக் காட்டுவதன்று. இதை அவருக்கு யாரேனும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

குடும்பம் என்னும் சொல் எங்கிருந்து வந்தது?

கிறிஸ்தவர்கள் ஒருவரையொருவர் சகோதரர், சகோதரி என்று அழைப்பதை நாம் நாள்தோறும் கேட்கிறோம். பழகிப்போனதால் அச்சொல்லின் கனம் நமக்குத் தெரிவதில்லை. தொடக்கத்தில் அது வெறும் மரியாதைச் சொல்லாக இருக்கவில்லை. தம்முடைய தாயும் சகோதரரும் வெளியே காத்திருப்பதாகச் சொல்லப்பட்டபோது, இறைவனின் விருப்பப்படி நடப்பவர்களே தமக்குத் தாயும் சகோதரரும் ஆவர் என்று இயேசு கூறியதை மாற்கு நற்செய்தி பதிவு செய்கிறது. சிலுவையில் தொங்கிய வேளையில் அவர் தம் தாயைத் தம் சீடர் ஒருவரிடம் ஒப்படைத்ததையும், அந்நேரமுதல் அச்சீடர் அவரைத் தம் வீட்டில் ஏற்றுக்கொண்டதையும் யோவான் நற்செய்தி சொல்கிறது. மகனை இழந்துகொண்டிருந்த ஒரு தாய்க்கு அவர் அளித்தது ஒரு வீடு என்பதை நாம் கவனிக்க வேண்டும். மரணத்தின் வாயிலில் பிறந்த உறவு அது.

அவ்வுறவு கடமைகளோடு சேர்ந்தே வந்தது. எருசலேமின் முதல் திருச்சபையில் அன்றாட உணவுப் பங்கீட்டின்போது கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் விடுபட்டுப்போயினர். அதைக் குறித்து எழுந்த முறையீட்டைக் கேட்டு, அப்பணிக்கென்றே எழுவர் நியமிக்கப்பட்டனர். திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரம் கூறும் செய்தி இது. துயருறுவோரைப் பேணுவதில் குறை நேர்ந்தால் முறையிடலாம் என்பதும், முறையீட்டைக் கேட்டுத் திருத்திக்கொள்வது திருச்சபையின் பொறுப்பு என்பதும் அன்றே ஏற்கப்பட்டுவிட்டன. 251ஆம் ஆண்டளவில் உரோமையின் ஆயர் கொர்னேலியு எழுதிய கடிதமொன்று, அந்நகரத் திருச்சபை 1500க்கும் மேற்பட்ட கைம்பெண்களையும் வறியோரையும் ஆதரித்துவந்ததாகக் குறிப்பிடுகிறது. அரசின் ஆதரவு சிறிதுமின்றித் துன்பத்திற்கு உள்ளாகியிருந்த ஒரு சமூகம் செய்த பணி இது.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் 1901ஆம் ஆண்டுமுதல் ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், தம் பணியை ஒரு நிறுவனமாகக் கருதாமல் குடும்பமாகவே நடத்தினார். பிள்ளைகள் அவரை அம்மா என்று அழைத்தனர். அங்குப் பணியாற்றிய பெண்கள் சித்தி, அக்காள் என்றும், ஆண்கள் அண்ணாச்சி என்றும் அழைக்கப்பட்டனர். தம் கல்லறையின்மேல் நினைவுக்கல் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால், 1951ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின் பறவைகள் நீர் அருந்தும் தொட்டியொன்றே அங்கு வைக்கப்பட்டது. தாயை அறியாத பிள்ளைகள் ஒரு தாயைப் பெற்றதும், பின்னர் அத்தாயை இழந்து ஒன்றாகத் துக்கம் காத்ததும் அந்த உறவுமுறைக்குள்தான்.

ஆறுதல் சொல்வதற்கு முன்

ரூத் நூலில் வரும் நகோமி, பஞ்சத்தினால் கணவரோடும் இரு புதல்வரோடும் மோவாப் நாட்டுக்குச் சென்றவர். கணவரையும் புதல்வர் இருவரையும் அங்கேயே பறிகொடுத்து, மருமகள் ரூத்துடன் பெத்லகேமுக்குத் திரும்பினார். ஊர்ப் பெண்கள் இவர் நகோமிதானா என்று வியந்தபோது, தம்மை இனி அப்பெயரால் அழைக்க வேண்டாம் என்றும், கசப்பு எனப் பொருள்படும் மாரா என்றே அழைக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். இறைவனே தம்மை வெறுமையாக்கினார் என்று வெளிப்படையாகக் குறைகூறினார்.

அப்பெண்கள் அவரைக் கடிந்துகொண்டதாக அந்நூலில் ஒரு சொல்லும் இல்லை. விசுவாசம் குறைந்துவிட்டது என்று அவர்கள் சொல்லவில்லை. அக்கதையின் இறுதியில் அதே ஊர்ப் பெண்கள் மீண்டும் வருகின்றனர். ரூத்துக்குப் பிறந்த குழந்தையை நகோமியின் மடியில் கண்டு மகிழ்ந்து, அதற்கு ஓபேத் என்று பெயரிடுபவர்களும் அவர்களே. கசப்பான சொற்களைக் கேட்டவர்கள் பின்பு அவருடைய மகிழ்ச்சியிலும் பங்குபெற அங்கேயே இருந்தனர். துயருறுவோருக்குச் சபை செய்யத்தக்க பணி முழுவதும் இவ்விரு காட்சிகளில் அடங்கியிருப்பதாக நாங்கள் கருதுகிறோம்: கசப்பைப் பொறுமையோடு கேட்பது; கேட்டபின் விட்டுப் போகாமலிருப்பது.

யோபுவின் நண்பர்கள் மூவரும் தொடக்கத்தில் இதையே செய்தனர். ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் அமர்ந்து ஒரு சொல்லும் பேசாதிருந்தனர். அவர்கள் பேசத் தொடங்கியபோதுதான் ஆறுதல் வாதமாக மாறியது. துன்பத்திற்குக் காரணம் கண்டுபிடித்துச் சொல்ல முயன்றதே அவர்கள் செய்த பிழை. திருப்பாடல்கள் 150இல் பல புலம்பல்களே. அவற்றுள் 88ஆம் திருப்பாடல் நம்பிக்கைச் சொல்லோடு முடியாமல் இருளிலேயே முடிகிறது. அத்தகைய வேண்டுதலையும் இறைவன் கேட்பார் என்று நம்பியதனாலேயே முன்னோர் அதை நீக்காமல் காத்துவைத்தனர்.

அடக்கத்திற்குப் பின்வரும் மாதங்கள்

துக்க வீட்டிற்குச் செல்வதில் நம் மக்கள் குறைவைப்பதில்லை. தென்மாவட்டங்களில் துட்டி கேட்டல் என்றும் கேதம் கேட்டல் என்றும் அழைக்கப்படும் வழக்கத்தில், பேச்சு முறிந்துபோன உறவினரும்கூட வந்து அமர்ந்து செல்வர். அடுப்பு எரியாத வீட்டிற்கு அக்கம்பக்கத்தாரும் சம்பந்திகளும் சோறு கொண்டுவருவர். அடக்க ஆராதனை, வீட்டு ஜெபம், ஏழாம் நாள் அல்லது முப்பதாம் நாள் திருப்பலி, சில இடங்களில் நாற்பதாம் நாள் ஜெபம் என்று ஆட்கள் வந்துகொண்டேயிருப்பர்.

அதன்பின் வீடு திடீரென அமைதியாகிவிடுகிறது. வெளியூர்ப் பிள்ளைகள் வேலைக்குத் திரும்புகின்றனர். அதுவரை மரத்திருந்த உள்ளம் விழித்துக்கொள்வதும் பெரும்பாலும் அப்போதுதான். ஆள் தேவைப்படும் காலமும் ஆள் குறையும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. சபை என்னும் குடும்பத்தின் உண்மையான பணி இங்கிருந்தே தொடங்க வேண்டும். இதற்குப் பெரிய திட்டங்கள் வேண்டியதில்லை. கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியங்களும், வின்சென்ட் தே பவுல் சபையும், பிற சபைகளில் பெண்கள் ஐக்கிய சங்கமும் வட்டார ஜெபக் குழுக்களும் ஏற்கெனவே உள்ளன. அவை பின்வருவனவற்றை ஏற்றுச் செய்யலாம்.

• ஒரு வீட்டிற்கு இருவர் என்று பொறுப்பேற்று, ஓராண்டுக்கு மாதம் இருமுறையேனும் சென்றுவருதல். கூட்டமாகச் செல்வதைவிட அதே இருவர் மீண்டும் மீண்டும் செல்வது நல்லது. ஒவ்வொரு முறையும் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லும் சுமை அப்போது இராது.

• இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுதல். பெயரைக் கேட்டால் அழுவார்களே என்று பலர் தவிர்க்கின்றனர். தம் மகனின் பெயரை எவரும் உச்சரிப்பதில்லையே என்பதே பல தாய்மாரின் ஏக்கம்.

• இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் அலுவலகத்தில் பெறவேண்டிய வாரிசுச் சான்றிதழ், குடும்ப ஓய்வூதியம், வங்கிக் கணக்கு ஆகியவற்றுக்கு விவரமறிந்த ஒருவர் உடன் செல்லுதல். கணவரே எல்லாவற்றையும் கவனித்துவந்த வீடுகளில் இதுவே முதன்மையான உதவியாகும்.

• துயருறுபவரின் சொந்த மருந்துகளைப் பற்றிக் கேட்டறிதல். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் நாள்தோறும் மாத்திரை உட்கொள்வோர், துக்க நாட்களில் அவற்றை மறந்தோ வெறுத்தோ விட்டுவிடுவதுண்டு. மாத்திரை சாப்பிட்டீர்களா அம்மா என்று உரிமையோடு கேட்கும் ஒரு குரல் உயிரையே காக்கக்கூடும்.

• நாட்களை நினைவில் வைத்தல். இறந்த நாள், பிறந்த நாள், திருமண நாள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்து, அந்நாளில் ஒருவர் சென்று அமர்ந்து வரலாம்.

பண்டிகைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இழப்புக்குப் பின்வரும் முதல் கிறிஸ்துமஸ் மிகவும் கடினமானது. அவ்வீட்டு வாசலில் நட்சத்திரம் தொங்குவதில்லை. துக்க வீடு என்று எண்ணிக் கேரல் பாடுவோரும் மரியாதையாக விலகிச் செல்கின்றனர். உள்ளே இருப்பவருக்கோ, தம்மைச் சபை மறந்துவிட்டதாகத் தோன்றுகிறது. முன்னதாகவே ஒருவர் சென்று, நாங்கள் வரலாமா, வந்து மெதுவாக ஒரு பாடல் பாடி ஜெபித்துச் செல்லலாமா என்று கேட்பதே முறை. வேண்டாம் என்று அவர்கள் சொன்னாலும், கேட்டதே ஆறுதலாக இருக்கும்.

இறந்தோரை நினைவுகூர்வதற்கு நம் மரபில் இடமுண்டு. நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாள், பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் குளூனி மடத்தின் தலைவர் ஓடிலோ தம் மடங்களில் ஏற்படுத்திய வழக்கத்திலிருந்து பரவியது. கல்லறைகளைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, பூவும் மெழுகுவர்த்தியும் வைக்கும் அந்த மாலையில் ஊரே ஒரு குடும்பமாகிறது. உயிர்த்தெழுந்த ஞாயிறு அதிகாலையில் கல்லறைத் தோட்டத்தில் கூடி ஆராதிக்கும் சபைகளும் உள்ளன. முதன்முறையாக அங்கு வருபவர் தனியே நிற்காதபடி, பொறுப்பேற்றுக்கொண்ட அவ்விருவரும் உடன் நிற்கட்டும்.

கைம்பெண்களைக் குறித்து இன்னும் ஒரு சொல். திருமணம், புதுமனைப் புகுவிழா போன்ற நிகழ்வுகளில் கணவரை இழந்த பெண்களைப் பின்னுக்கு நிறுத்தும் வழக்கம் நம் சமூகத்தில் முற்றிலும் மறையவில்லை. கிறிஸ்தவக் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. கைம்பெண்களை ஆதரிப்பதே தூய சமயநெறி என்று யாக்கோபின் திருமுகம் கற்பிக்கிறது. அத்திருமுகத்தை வாசிக்கும் சபை, மணமக்களை வாழ்த்த அவர்களை முன்வரிசைக்கு அழைக்க வேண்டும். பெற்ற மகளின் திருமணத்தில் தாயே ஒதுங்கி நிற்கும் நிலை எந்தச் சபையிலும் நேரலாகாது.

வெளியே தெரியாத துயரங்கள்

சில இழப்புகளுக்குப் பந்தலும் இல்லை, துக்கம் விசாரிப்போரும் இல்லை. வயிற்றிலேயே இறந்த குழந்தை அத்தகையது. இன்னொரு குழந்தை பிறக்கும் என்று சொல்லி அத்துயரத்தை முடித்துவைக்கச் சுற்றத்தார் முயல்கின்றனர். அப்பெற்றோரோ ஒரு பெயரையும் ஓர் எதிர்காலத்தையும் இழந்திருக்கின்றனர். திருமுழுக்குப் பெறும் முன்பே இறந்த குழந்தைக்கும், பெற்றோர் அதற்குத் திருமுழுக்கு அளிக்க எண்ணியிருந்தால், ஆயரின் அனுமதியோடு அடக்கச் சடங்கு நடத்தலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு கூறுகிறது. பிற சபையினரும் தம் போதகரிடம் இதற்கென ஒரு ஜெபத்தைக் கேட்கலாம்.

தற்கொலையால் ஒருவரை இழந்த குடும்பம் துயரத்தோடு அவமானத்தையும் சுமக்கிறது. முற்காலத்தில் தற்கொலை செய்துகொண்டோருக்குத் திருச்சபையே அடக்கச் சடங்கை மறுத்துவந்தது. மேற்கூறிய 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் அத்தடை இடம்பெறவில்லை. மனநோயின் தன்மையை நாம் அறிந்திருக்கும் இக்காலத்தில், அவ்வீட்டிற்குச் செல்லத் தயங்குவதற்குக் காரணம் ஏதுமில்லை. ஏன் நடந்தது என்று துருவிக் கேட்காமல் அமர்ந்திருப்பதே அங்குச் செய்யவேண்டியது.

உடல் கிடைக்காத மரணம் மற்றொன்று. 2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் வீசியபோது ஆழ்கடலில் இருந்த மீனவர் பலர் கரை திரும்பவில்லை. குமரி மாவட்டத்து மேற்குக் கடற்கரைக் கிராமங்களில் பங்கு ஆலயமே மக்கள் கூடிக் காத்திருந்த இடமாயிற்று. வருவார் என்று காத்திருப்பதா, இறந்தார் என்று அழுவதா என்று அறியாத அந்நிலையைப் பாலின் பாஸ் என்னும் அறிஞர் தெளிவற்ற இழப்பு என்று அழைத்தார். அத்தகைய வேளையில் இரண்டிலொன்றை முடிவு செய்யுமாறு எவரையும் நெருக்கலாகாது. நினைவு மறதி நோயால் தம்மையே அடையாளம் காணாத கணவரைப் பேணும் மனைவியும் இவ்வகைத் துயரத்தையே அனுபவிக்கிறார். கணவர் உயிரோடு இருப்பதனால் அவரிடம் துக்கம் கேட்க எவரும் வருவதில்லை.

ஆறுதல் காயமாக மாறும்போது

குடும்பம் என்றால் அங்குக் காயமும் உண்டாகும். நல்ல எண்ணத்தோடு சொல்லப்படும் சில சொற்கள் துயருறுவோரை ஆழமாகப் புண்படுத்துவதை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். கடவுள் தமக்குப் பிரியமானவர்களைச் சீக்கிரம் எடுத்துக்கொள்வார் என்பது ஒன்று. அழுதது போதும், பிள்ளைகளுக்காகத் தைரியமாக இரு என்பது மற்றொன்று. எல்லாவற்றிலும் கொடியது, இன்னும் உறுதியாக ஜெபித்திருந்தால் பிழைத்திருப்பார் என்பது. நோயின் போக்கை அறிந்த நாங்கள் ஐயத்திற்கு இடமின்றிச் சொல்கிறோம்: உங்கள் ஜெபத்தின் குறைவினால் உங்கள் அன்புக்குரியவர் இறக்கவில்லை. லாசரை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று அறிந்திருந்த இயேசுவே அவருடைய கல்லறையை நோக்கிச் செல்கையில் அழுதார் என்றால், கண்ணீர் விசுவாசத்திற்குப் பகையாக இருக்க முடியாது.

என்ன சொல்வதென்று தெரியாதபோது அதையே சொல்லலாம். "என்ன பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை அக்கா, சற்று நேரம் உங்களோடு இருக்கலாம் என்று வந்தேன்" என்பது போதும். ஏதேனும் உதவி வேண்டுமானால் சொல்லுங்கள் என்று பொதுவாகச் சொல்வதைக் காட்டிலும், வியாழக்கிழமை மதியச் சாப்பாடு நான் கொண்டுவருகிறேன் என்று குறிப்பாகச் சொல்வது பயனளிக்கும். துயரத்தில் இருப்பவருக்கு எது வேண்டும் என்று எண்ணிப் பார்க்கவும் வலிமை இராது.

அந்தரங்கம் காப்பதும் அன்பின் கடமை. ஜெபக் குழுவில் கண்ணீரோடு சொல்லப்பட்டவை, ஜெபக் குறிப்பு என்னும் பெயரில் வாட்ஸ்அப் வழியே ஊரெங்கும் பரவலாகாது.

துயருறுவோருக்கு ஒரு சொல்

ஆலயத்திற்குச் செல்லவே மனமில்லை என்று சிலர் எங்களிடம் வருந்துகின்றனர். அடக்க ஆராதனை நடந்த அதே இடத்தில், அதே பாடல்களின் நடுவே அமர்வது எளிதன்று. கடைசி வரிசையில் உட்காரலாம். பாதியில் எழுந்து செல்லலாம். பாட இயலாவிடில் மற்றவர் பாடுவதைக் கேட்டிருக்கலாம். உங்களால் ஜெபிக்க முடியாத காலத்தில் உங்களுக்காகப் பிறர் ஜெபிப்பதற்காகவே சபை இருக்கிறது. அதை உங்கள் விசுவாசத்தின் தோல்வியாகக் கருத வேண்டாம்.

உதவி கேட்பது பலருக்குக் கூச்சமாக இருக்கிறது. எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. நம்பத்தக்க ஒருவரைத் தேர்ந்து, மாலை ஆறு மணிக்குமேல் வீட்டில் தனியே இருக்க முடியவில்லை, செவ்வாய்க்கிழமைகளில் வருவீர்களா என்பதுபோல் தெளிவாகக் கேளுங்கள். வேலைக்காக வேற்றூர் வந்து எந்தச் சபையோடும் தொடர்பின்றி இருப்பவர்களானால் எங்களிடம் சொல்லுங்கள். நீங்கள் வாழும் பகுதியிலுள்ள உங்கள் சபைப் பிரிவின் போதகரையோ பங்குத்தந்தையையோ தொடர்பு கொள்ள உதவுவோம்.

மருத்துவ உதவி தேவைப்படும் வேளை

சபையின் அன்பு மருத்துவத்திற்கு மாற்றாகாது. துயரம் உடலையும் தாக்கும். பெரும் துக்கத்தினால் இதயத் தசை திடீரெனத் தளரும் நிலையொன்றை ஜப்பானிய மருத்துவர்கள் 1990ஆம் ஆண்டில் விவரித்தனர். டகோட்சுபோ எனப்படும் அந்நிலை மாரடைப்பைப் போலவே தோன்றும். ஆகையால் துக்க வீட்டில் ஒருவர் நெஞ்சுவலி என்றோ மூச்சு முட்டுகிறது என்றோ சொன்னால், அழுததனால் வந்தது என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

இழப்பு நேர்ந்து ஆறு மாதங்களுக்கு மேலாகியும் ஏக்கம் சற்றும் தணியாமல், அன்றாட வாழ்க்கையே முடங்கியிருந்தால், அதை நீடித்த துயரக் கோளாறு என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் வகைப்படுத்துகிறது. இதற்குப் பயனளிக்கும் சிகிச்சை உண்டு. சாப்பிடாமலும் உறங்காமலும் நாட்கணக்கில் இருத்தல், துயரத்தை மறக்கக் குடிப்பழக்கத்தை நாடுதல், தாமும் போய்ச் சேர்ந்துவிடவேண்டும் என்று பேசுதல் ஆகியவற்றைக் கண்டால் ஆறு மாதம் காத்திருக்கலாகாது. இறப்பைப் பற்றிப் பேசுபவரைத் தனியே விடாதீர்கள். ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416 கட்டணமின்றி இரவும் பகலும் தமிழிலேயே பேச உதவுகிறது. மனநல சிகிச்சை பெறுவது விசுவாசக் குறைவன்று. சர்க்கரைக்கு மாத்திரை உட்கொள்வதில் நமக்குக் கூச்சமில்லையே.

எங்களை அணுக

வார்டில் இருக்கும்போதே எங்கள் ஆன்மிகப் பராமரிப்புப் பிரிவினரைச் சந்திக்க விரும்புவோர் பொறுப்புச் செவிலியரிடம் சொன்னால் போதும். எச்சமயத்தாராயினும், எச்சமயமும் சாராதவராயினும் வரலாம். கேட்டாலன்றி நாங்கள் ஜெபிப்பதில்லை, எவரையும் எந்நம்பிக்கைக்கும் அழைப்பதுமில்லை. சிற்றாலயம் நோயாளிகளுக்கும் உடனிருப்போருக்கும் அமைதியாக அமர்வதற்குத் திறந்திருக்கிறது.

இங்கு உறவினரை இழந்து சென்றோர் இந்த வளாகத்திற்குள் மீண்டும் கால்வைக்கத் தயங்குவதை நாங்கள் அறிவோம். சிலர் மாதங்கள் கடந்தபின் வந்து, அவர் படுத்திருந்த வார்டைத் தொலைவிலிருந்து பார்த்துவிட்டுச் செல்கின்றனர். அவ்வாறு வரும்போது எங்களிடமும் வாருங்கள். அவரைப் பேணியவர்களில் சிலர் இன்றும் இங்கேயே பணியாற்றுகின்றனர். அவருடைய பெயரைச் சொல்லி உங்களோடு பேச அவர்களுக்கும் மனமுண்டு.